ஜிரா ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்கள்: டீமுக்குச் சரி, க்ளையன்ட்டுக்கு அப்படியே அனுப்பலாமா?

ஜிராவைத் திட்டாத டீம் கிடையாது. திட்டிக்கொண்டே தினமும் காலையில் அதைத்தான் திறக்கிறார்கள். 2002-இல் சிட்னியில் அட்லாசியன் நிறுவனம் பக் ட்ராக்கராக (மென்பொருள் பிழைகளைக் குறித்துவைத்துத் தொடரும் கருவியாக) வெளியிட்ட மென்பொருள்; பிறகு ஸ்க்ரம் முறையில் வேலை நிலையைக் காட்டும் போர்டு, பேக்லாக் (காத்திருக்கும் வேலைகளின் பட்டியல்), ஸ்பிரிண்ட் (இரண்டு வாரம் போன்ற ஒரு வேலைத் தவணை), ரிப்போர்ட் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்றைய உருவத்துக்கு வந்திருக்கிறது. சர்வர் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரி 15-ஓடு முடிந்ததால், இங்கே பேசப்போவது க்ளவுட் பதிப்பைப் பற்றி. அதிலும் அட்மின் செட் செய்யும் கம்பெனி மேனேஜ்டு ப்ராஜெக்ட்தான். டீமே செட் செய்துகொள்ளும் டீம் மேனேஜ்டு வகையில் ரிப்போர்ட்கள் குறைவு.

ஜிரா முழுவதையும் அலசும் எண்ணம் இல்லை. ஸ்பிரிண்ட் எப்படிப் போகிறது என்று டீமுக்கு வெளியே இருப்பவர்களுக்கு, அதாவது க்ளையன்ட், பிசினஸ் ஆட்கள், மேனேஜ்மென்ட், சப்போர்ட் டீம் ஆகியோருக்குச் சொல்ல இதன் ரிப்போர்ட்கள் எவ்வளவு உதவும் என்பதுதான் கேள்வி. முதலிலேயே சொல்லிவிடலாம்: கணக்கில் ஜிரா கெட்டி, எடுத்துச் சொல்வதில் சுமார். கணக்கை அதனிடம் விட்டுவிட்டுச் சொல்லும் வேலையை நீங்களே செய்தால் நல்ல கருவி. இரண்டையும் அதன் தலையில் கட்டினால் ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் விளக்கம் சொல்லி மாளாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் போர்டு

ரிப்போர்ட் தவறாக வருகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை போர்டு செட்டிங்கில் போய் நிற்கும். ஒரு டிக்கெட் (ஒரு வேலைக்கான பதிவு) முடிந்ததா இல்லையா என்பதை ஜிரா மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பார்க்கிறது. பர்ன்டவுன் (மீதமுள்ள வேலை நாளுக்கு நாள் இறங்குவதைக் காட்டும் படம்), ஸ்பிரிண்ட் ரிப்போர்ட், வெலாசிட்டி (ஸ்பிரிண்டுக்கு எவ்வளவு முடிகிறது என்ற சார்ட்) மூன்றும் போர்டின் வலது ஓரக் கடைசி காலத்தை (column) மட்டும் பார்க்கும். ஃபில்டரில் (சேமித்துவைக்கும் தேடலில்) ஸ்டேட்டஸ் கேட்டகரியை வைத்துத் தேடினால், பச்சை நிற வகையில் இருக்கும் எல்லா ஸ்டேட்டஸும் முடிந்ததாக வரும். டாஷ்போர்டில் வைக்கும் கிரியேட்டட் வெர்சஸ் ரிசால்வ்டு போன்ற கேட்ஜெட்கள், வேலை எப்படி முடிந்தது என்று சொல்லும் ரெசல்யூஷன் ஃபீல்டு நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும். மூன்றும் ஒத்துப்போகாத ப்ராஜெக்ட்டில், ஒரே நாளில் எடுத்த மூன்று ரிப்போர்ட்டில் மூன்று எண்ணிக்கை வரும். "எதை நம்புவது?" என்று க்ளையன்ட் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

அடிக்கடி நடப்பது இது. டன் என்ற காலத்துக்கு வலப்பக்கத்தில், ப்ரொடக்ஷனுக்குப் போனதைத் தனியாகக் காட்டலாமே என்று நல்லெண்ணத்தோடு யாரோ ரிலீஸ்டு என்று இன்னொரு காலம் சேர்த்துவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து டன்னில் இருப்பதெல்லாம் ஜிராவுக்கு முடியாத வேலை. ரிலீஸ் நாள்வரை பர்ன்டவுன் கோடு அசையாது. இரண்டு ஸ்டேட்டஸையும் ஒரே கடைசி காலத்துக்குள் மேப் செய்துவிட்டால் தீர்ந்தது. அதோடு, எந்தக் காலத்திலும் மேப் ஆகாமல் அநாதையாக நிற்கும் ஸ்டேட்டஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதில் விழுந்த டிக்கெட் போர்டிலேயே தெரியாது. ஸ்டாண்டப்பில் அதைப் பற்றி யாரும் பேசவும் மாட்டார்கள். ரெசல்யூஷனுக்கு, வொர்க்ஃப்ளோவில் டன்னுக்குப் போகும் ட்ரான்சிஷனில் ஒரு போஸ்ட் ஃபங்ஷன் (ஸ்டேட்டஸ் மாறியதும் தானாக நடக்கும் செயல்) போட்டு அது தானாக நிரம்பும்படி செய்ய வேண்டும். அட்மின் பத்து நிமிடத்தில் முடிக்கும் வேலை.

அடுத்தது விடுமுறை நாள்கள். போர்டு செட்டிங்கில் வொர்க்கிங் டேஸ் என்ற பக்கத்தில் டைம் ஸோனையும், வார விடுமுறையையும், தனி விடுமுறைத் தேதிகளையும் கொடுக்கலாம். கொடுத்தால் பர்ன்டவுனின் சாம்பல் நிற வழிகாட்டிக் கோடு அந்த நாள்களில் இறங்காமல் படுத்திருக்கும். கொடுக்காவிட்டால், சென்னை டீம் பொங்கல் லீவில் இருக்கும்போது அமெரிக்காவில் இருக்கும் க்ளையன்ட்டுக்கு நடு ஸ்பிரிண்டில் வேலை நின்றுபோன மாதிரி படம் தெரியும். வருடத் தொடக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்து இரு பக்க விடுமுறைகளையும் சேர்த்துவிடுவது நல்லது.

பர்ன்டவுன்: உள்ளே வைத்துக்கொள்ள வேண்டியது

ஸ்டேக்ஹோல்டர் மீட்டிங் ஸ்லைடுகளில் அதிகம் ஒட்டப்படுவதும் அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இந்தப் படம்தான். ஜிராவில் பாதி முடிந்த ஸ்டோரிக்கு (ஒரு சிறு வேலைக்கு) பாதிப் பாயின்ட் (வேலையின் அளவைச் சொல்லும் எண்) கிடையாது. ஐந்து பாயின்ட் ஸ்டோரி கடைசி காலத்துக்கு வரும்வரை பூஜ்ஜியம்தான். டெவலப்மென்ட் முடிந்து எல்லாம் க்யூஏவில் (சோதனையில்) வரிசையில் நிற்கும் டீமில், சிவப்புக் கோடு எட்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு ஒன்பதாம் நாள் செங்குத்தாக விழும். டீமுக்கு இது ஸ்டோரிகளைச் சிறிதாக வெட்டவில்லை என்ற நல்ல எச்சரிக்கை. வெளியாளுக்கோ முதல் எட்டு நாள் பீதி, ஒன்பதாம் நாள் சந்தேகம்.

இன்னொரு குறை, கோடு ஏறினால் ஏன் ஏறியது என்று படத்தில் தெரியாது. பதில் படத்துக்குக் கீழே உள்ள டேபிளில் இருக்கிறது. அதை ஸ்க்ரோல் செய்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: தேதி, டிக்கெட் எண், ஸ்கோப் சேஞ்ச் (வேலையின் அளவில் மாற்றம்), ஸ்பிரிண்டில் சேர்க்கப்பட்டது, கூடியது 5, மீதம் 33. அதுவரை 40-இல் 12 பாயின்ட் முடிந்து 28 ஆக இறங்கியிருந்த கோடு, இந்த ஒரு டிக்கெட்டால் 33-க்கு ஏறியிருக்கிறது. படத்தை மட்டும் அனுப்பினால் டீம் பின்னோக்கிப் போன மாதிரி இருக்கும். இந்த வரியையும் சேர்த்து அனுப்பினால், வேலையைக் கேட்டு வாங்கியவருக்கே விஷயம் புரிந்துவிடும்.

வெளியே காட்ட வேண்டுமானால் பர்னப் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அதில் மொத்த வேலை ஒரு கோடு, முடிந்த வேலை இன்னொரு கோடு. புது வேலை வந்தால் மேல்கோடு ஏறும், டீமின் கோட்டுக்கு ஒன்றும் ஆகாது. விளக்கவுரை இல்லாமலே புரியும் ஒரே ஜிரா படம் இதுதான் என்று சொல்லலாம்.

வெலாசிட்டி: யாருக்கும் அனுப்ப வேண்டாம்

கடைசி ஏழு ஸ்பிரிண்ட்களுக்குச் சாம்பல் பட்டை ஒன்று, பச்சைப் பட்டை ஒன்று. சாம்பல், ஸ்பிரிண்ட் தொடங்கிய நேரத்தில் இருந்த மொத்த எஸ்டிமேட். அதன் பெயரே கமிட்மென்ட். பச்சை, முடித்தது. 2011-இலேயே ஸ்க்ரம் முறையின் கையேடான ஸ்க்ரம் கைடு கமிட்மென்டை எடுத்துவிட்டு ஃபோர்காஸ்ட் என்று மாற்றிவிட்டது. ஜிரா இன்னும் பழையதையே காட்டிக்கொண்டிருக்கிறது. கமிட்மென்ட் 40, முடித்தது 31 என்று பார்க்கும் க்ளையன்ட் அதை வாக்குத் தவறிய கணக்காகத்தான் எடுத்துக்கொள்வார்.

அதே ஸ்பிரிண்டை உள்ளே பிரித்துப் பார்ப்போம். தொடக்கத்தில் 40 பாயின்ட். நடுவில் பிசினஸ் தரப்பு கேட்டு 8 பாயின்ட் உள்ளே வந்தது. அவர்கள் சொல்லியே 5 பாயின்ட் வெளியே போனது. முடித்த 31-இல் 25 பழையது, 6 புதிதாக வந்தது. ஆக, பழைய திட்டத்தில் எஞ்சிய 35-இல் 25 முடிந்து 10 மிச்சம். புதிதாக வந்த 8-இல் 6 முடிந்து 2 மிச்சம். பேச வேண்டிய விஷயம் இதுதான். 40-31 பட்டையில் இதில் எதுவும் இல்லை.

இந்த சார்ட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் உண்டு. ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு 5 பாயின்ட் ஸ்டோரியை 13 ஆக்கி முடித்தால், சாம்பல் பட்டையில் 5-ஆகவே இருக்கும், பச்சையில் 13 ஏறும். ஸ்பிரிண்டைக் குறித்த தேதியில் முடிக்காமல் மூன்று நாள் கழித்து கம்ப்ளீட் பட்டனை அழுத்தினால், அந்த மூன்று நாளில் முடிந்ததும் சேர்ந்துகொள்ளும். இரண்டு வார ஸ்பிரிண்ட் கொஞ்சம் நீண்டது என்று பட்டையில் எங்கும் தெரியாது. ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டு அதன்பின் ப்ளானிங் செய்யும் டீம்களும் இருக்கின்றன. அவர்களுக்குக் கமிட்மென்ட் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நிற்கும், எல்லா டிக்கெட்டும் நடுவில் நுழைந்ததாகப் பதிவாகும். ப்ளானிங் முடித்து, எஸ்டிமேட் போட்டு, கடைசியாக ஸ்டார்ட். இந்த வரிசை தவறக்கூடாது.

சப் டாஸ்க்கில் (டிக்கெட்டுக்குள் இருக்கும் உள்வேலையில்) போட்ட ஸ்டோரி பாயின்ட் எதிலும் சேராது என்பதையும் புது ஆட்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்: இதற்காகவே ஜிராவை வைத்துக்கொள்ளலாம்

மெனுவில் வெலாசிட்டிக்குப் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் இதுதான் உருப்படியான ரிப்போர்ட். முடிந்தவை, முடியாதவை, ஸ்பிரிண்டிலிருந்து எடுக்கப்பட்டவை, ஸ்பிரிண்டுக்கு வெளியே முடிந்தவை என்று நான்கு பட்டியல்கள். ஸ்பிரிண்ட் தொடங்கிய பின் நுழைந்த டிக்கெட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. எஸ்டிமேட் மாறியிருந்தால் பழைய எண்ணும் அம்புக்குறி போட்டுப் புதிய எண்ணும். மேலே சொன்ன 25, 6, 10, 2 கணக்கை எடுக்க இந்த ஒரு பக்கம் போதும்; ஐந்து நிமிட வேலை.

இதற்கு மாற்றாக ஃபில்டரை நம்பினால் வரும் வம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பிரிண்ட் 14 என்று ஃபில்டர் போட்டால், அதில் முடியாமல் 15-க்குப் போன டிக்கெட்களும் வரும், ஏனென்றால் ஸ்பிரிண்ட் ஃபீல்டில் பழைய பெயரும் தங்கிவிடும். அவை 15-இல் முடிந்த பிறகு அதே ஃபில்டரைத் திறந்தால் எல்லாம் டன். 14 முழுவதும் முடிந்துவிட்ட மாதிரி தெரியும். காலாண்டு ரிப்போர்ட்டை ஃபில்டர் வைத்துத் தயாரித்து, போன மாத மெயிலோடு ஒப்பிட்டுப் பார்ப்பவரிடம் மாட்டிக்கொள்வது இப்படித்தான். நடந்து முடிந்த ஸ்பிரிண்டுக்கு ஸ்பிரிண்ட் ரிப்போர்ட், ஓடிக்கொண்டிருப்பதற்கு ஃபில்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு போர்டுகளில் ஒரே ஸ்பிரிண்ட் தெரிவதும் உண்டு. போர்டு ஃபில்டரும் கால மேப்பிங்கும் வேறு என்றால் ரிப்போர்ட்டும் வேறு. எந்தப் போர்டிலிருந்து எடுத்தது என்று மெயிலில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

ஆனால் ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்டையும் அப்படியே ஃபார்வர்டு செய்ய முடியாது, டிக்கெட் தலைப்புகள் டெவலப்பர் பாஷையில் இருப்பதால். "ரீஃபண்ட் ஏபிஐ ரீட்ரை லாஜிக் ரீஃபேக்டர்" என்பதைப் பார்த்து பிசினஸ் ஆள் என்ன முடிவுக்கு வருவார்? இதற்கு ஒரு எளிய வழி உண்டு. க்ளையன்ட் குறிப்பு என்று ஒற்றை வரி டெக்ஸ்ட் ஃபீல்டு ஒன்றை அட்மினிடம் சொல்லி உருவாக்குங்கள். க்ரூமிங்கிலேயே (பேக்லாக்கைச் சீர்செய்யும் கூட்டத்தில்) ப்ராடக்ட் ஓனர் அதை நிரப்பட்டும்: "பேமென்ட் கேட்வே பதில் தராவிட்டால் ரீஃபண்ட் தானாக மறுபடி முயலும்." ஃபில்டர் ரிசல்ட்ஸ் கேட்ஜெட்டில் தலைப்புக்குப் பதிலாக இந்தக் காலத்தை வைத்தால் பாதி விளக்கம் மிச்சம்.

அனுப்ப வேண்டிய மெயில் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

ஸ்பிரிண்ட் 14, மார்ச் 4 முதல் 17 வரை.
இலக்கு: வாடிக்கையாளர் ஆப்பிலிருந்தே ரீஃபண்ட் கேட்கலாம். முடிந்தது, ஸ்டேஜிங்கில் பார்க்கலாம்.
திட்டமிட்டதில் 25 பாயின்ட் முடிந்தது, 10 அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போகிறது. போவது: மொத்த ரீஃபண்ட் ரிப்போர்ட். காரணம்: வங்கியின் டெஸ்ட் சூழல் நான்கு நாள் கிடைக்கவில்லை.
நடுவில் வந்தது 8 பாயின்ட், ஜிஎஸ்டி ரசீது மாற்றம், 6 முடிந்தது. அதற்காக வெளியே எடுத்தது 5 பாயின்ட்.
உங்களிடமிருந்து தேவை: ரசீது வடிவத்துக்கு ஒப்புதல், மார்ச் 20-க்குள்.
ரிலீஸ் தேதியில் மாற்றம் இல்லை.

கடைசி இரண்டு வரிகள்தான் பலருக்கு முக்கியம். ஜிராவின் எந்த ரிப்போர்ட்டிலும் அவை கிடையாது. பாயின்ட் என்றால் என்ன என்று கேட்கும் கூட்டமாக இருந்தால், எண்களை எடுத்துவிட்டு டிக்கெட் எண்ணிக்கையில் சொல்லுங்கள். பாயின்ட்டை மணி நேரமாக மாற்றி மட்டும் சொல்லாதீர்கள். ஒருமுறை மாற்றிக் கொடுத்தால் அடுத்த ஸ்பிரிண்டில் அதையே இன்வாய்சோடு ஒப்பிடுவார்கள்.

டாஷ்போர்டும் தானியங்கி மெயிலும்

நடு ஸ்பிரிண்டில் எட்டிப் பார்க்கும் ஆட்களுக்கு டாஷ்போர்டு நல்லது. ஸ்பிரிண்ட் ஹெல்த், டேஸ் ரிமெய்னிங், இலக்கு சார்ந்த டிக்கெட்களின் ஃபில்டர் ரிசல்ட்ஸ், ஃப்ளாக் போட்ட (தடங்கல் என்று குறித்த) டிக்கெட்களின் பட்டியல். நான்கு போதும். ஸ்பிரிண்ட் ஹெல்த் கேட்ஜெட் கடந்த நேரம், முடிந்த வேலை, ஸ்கோப் மாற்றம் மூன்றையும் சதவீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. பர்ன்டவுனைவிட இது எவ்வளவோ தேவலை. கேட்ஜெட்டில் ஸ்பிரிண்டைத் தேர்ந்தெடுக்கும்போது நெக்ஸ்ட் ஸ்பிரிண்ட் டியூ என்ற ஆட்டோ வசதியைத் தேர்ந்தெடுங்கள். பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தால், அந்த ஸ்பிரிண்ட் முடிந்த பிறகும் பழையதையே காட்டிக்கொண்டு நிற்கும்.

டாஷ்போர்டை ஷேர் செய்தால் அதிலுள்ள ஃபில்டரும் ஷேர் ஆகிவிடும் என்று நினைப்பது வழக்கமான தவறு. ஆகாது. ஃபில்டரைத் தனியாக ஷேர் செய்ய வேண்டும், பார்ப்பவருக்கு ப்ராஜெக்ட்டில் ப்ரவுஸ் அனுமதியும் வேண்டும். ஃபில்டரில் சப் டாஸ்க்குகளைக் கழிக்க ஸ்டாண்டர்டு இஷ்யூ டைப்ஸ் என்ற ஃபங்ஷனைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் டாஷ்போர்டில் 46, ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்டில் 17 என்று எண்ணிக்கை இடிக்கும். டீம் மேனேஜ்டு ப்ராஜெக்ட்டும் கம்பெனி மேனேஜ்டும் கலந்த ஃபில்டரில் பாயின்ட் காலம் பாதி வெற்றாக வந்தால் பதற வேண்டாம்: இரண்டிலும் பாயின்ட் ஃபீல்டு வேறு வேறு, ஒன்றில் ஸ்டோரி பாயின்ட்ஸ், மற்றதில் ஸ்டோரி பாயின்ட் எஸ்டிமேட்.

ஃபில்டர் சப்ஸ்கிரிப்ஷன் வழியாகக் குறித்த நேரத்தில் பட்டியலை மெயிலில் வரவழைக்கலாம். மெயிலில் 200 டிக்கெட் வரைதான் வரும், ஜிரா கணக்கு உள்ளவருக்குத்தான் போகும். ஃப்ளாக் போட்ட டிக்கெட்களுக்கு இதை வைத்தால் பயன். முழு ஸ்பிரிண்டுக்கும் தினசரி வைத்தால் மூன்றாம் நாளே அவர்கள் இன்பாக்ஸில் ரூல் போட்டு ஒதுக்கிவிடுவார்கள். கொஞ்சம் மெனக்கெடத் தயாராக இருந்தால் ஆட்டோமேஷன் ரூல் இன்னும் நல்லது: ஷெட்யூல் ட்ரிகர், லுக்கப் இஷ்யூஸ், மெயில் அல்லது டீம்ஸ், ஸ்லாக் செய்தி. லுக்கப்பில் ஒரு தடவைக்கு 100 டிக்கெட் உச்சவரம்பு. பெரிய ப்ரோக்ராமில் டீம் வாரியாக ரூலைப் பிரிக்க வேண்டிவரும்.

ரிலீஸ் எப்போது என்று கேட்பவர்களுக்கு வெர்ஷன் ரிப்போர்ட் இருக்கிறது. எஸ்டிமேட் போட்ட வேலையில் 10 சதவீதமாவது முடிந்த பிறகே தேதி கணிக்கும். அதுவும் எஸ்டிமேட் இல்லாத டிக்கெட் நிறைய இருந்தால் கணிப்புக்கு மதிப்பில்லை. கன்ட்ரோல் சார்ட், க்யூமுலேட்டிவ் ஃப்ளோ இரண்டும் டீமின் ரெட்ரோவுக்கு (ஸ்பிரிண்ட் முடிந்ததும் டீம் தன்னைத் திரும்பிப் பார்க்கும் கூட்டத்துக்கு). வெளியே எடுத்துப் போக வேண்டாம்.

லைசென்ஸ்தான் உறுத்தல்

இவ்வளவு செட் செய்த பிறகும் ஸ்டேக்ஹோல்டர் ஜிராவுக்குள் வந்து பார்க்க வேண்டுமென்றால் அவருக்கு ஒரு சீட் (ஒரு ஆளுக்கான லைசென்ஸ்) வேண்டும். இலவசத் திட்டம் 10 பேர் வரை. அதற்கு மேல், மாதத்துக்கு ஒருமுறை டாஷ்போர்டைப் பார்க்கும் இயக்குநருக்கும் தினம் எட்டு மணி நேரம் வேலை செய்யும் டெவலப்பருக்கும் ஒரே கட்டணம். இந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் டெவ்ஆப்ஸ் ஜிராவைத் தாண்டிவிடுகிறது. அதில் ஸ்டேக்ஹோல்டர் என்றே ஒரு இலவச அனுமதி வகை இருக்கிறது, எத்தனை பேருக்கும் கொடுக்கலாம், பேக்லாக்கும் போர்டும் பார்க்கலாம். டீம் பத்துப் பேர், பார்வையாளர்கள் நாற்பது பேர் என்ற அமைப்பில் கருவி வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை எழுதிப் போட்டு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

அட்லாசியனும் இதை உணராமல் இல்லை. அட்லஸ் என்று தனியாகக் கொண்டுவந்து, இப்போது அட்லாசியன் ஹோமுக்குள் சேர்த்திருக்கும் ப்ராஜெக்ட் அப்டேட் வசதியில் ஆன் ட்ராக், அட் ரிஸ்க், ஆஃப் ட்ராக் என்று ஒரு நிலை, கூடவே 280 எழுத்துக்குள் ஒரு குறிப்பு. அவ்வளவுதான் இடம். மேனேஜ்மென்ட்டுக்கு ஜிராவின் எந்த சார்ட்டையும்விட இது உபயோகம். பத்துப் பக்க ஸ்லைடு எழுதிப் பழகியவர்களுக்கு முதலில் மூச்சு முட்டும். ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்டிலிருந்து எண்ணை எடுத்து இங்கே ஒரு வரியில் போடுவது நல்ல சேர்க்கை.

சீட் வாங்க முடியாதவர்களுக்கு, அட்லாசியனின் ஆவணக் கருவியான கான்ஃப்ளுயன்ஸ் பக்கத்தில் ஜிரா மேக்ரோ போட்டு டேபிளைக் காட்டலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். ஜிரா அனுமதி இல்லாதவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் டேபிள் வராது. அவர்களுக்கான பக்கத்தில் டேபிளை வெறும் எழுத்தாக ஒட்டி, மேலே எடுத்த தேதியைப் போடுங்கள். ரிவ்யூவுக்கு முந்தைய நாள், ஜிரா சீட் இல்லாத ஒருவரின் லாகினில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.